சுவர்களும் பாடுகின்றன

கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக் குனிந்து, தன் பெயரைத் தானே கூவிப் பார்த்து மகிழாத சிறுவன் நம் நாட்டுப்புறத்தில் இருந்திருக்க மாட்டான். அவன் குரல் அவனிடமே திரும்பி வரும். ஆனால் அவன் கொடுத்தபடியே வராது. மெலிந்த குரல் கனத்து வரும். பிள்ளையின் குரல் பெரியவர் குரலாகி வரும். தன்னிலும் பெரிய ஒருவன் ஆழத்திலிருந்து தன்னை அழைப்பது போன்ற இன்பமும், கூடவே சிறிது அச்சமும் அவனுக்கு உண்டாகும். இன்று இசைக் குழுவினர் 'ரிவர்ப்' என்று சொல்லி விலை கொடுத்து வாங்குவது இந்தக் கிணற்றையே என்றால் அது மிகையாகாது.

அறிவியல் நூல்கள் எதிரொலி, எதிர்முழக்கம் என இரண்டைப் பிரித்துச் சொல்கின்றன. ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 17 மீட்டர் தொலைவிலுள்ள பாறையில் பட்டுத் திரும்ப அதற்குப் பத்தில் ஒரு நொடி ஆகும். அந்த அளவு இடைவெளி இருந்தால் நம் செவி திரும்பி வந்ததைத் தனி ஒலியாகப் பிரித்தறியும், அது எதிரொலி. நான்கு சுவரும் கூரையும் கொண்ட இடத்திலோ, ஒலி ஒரு முறை அன்று, பல நூறு முறை மோதித் திரும்புகிறது. அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, பிரிக்க இயலாதபடி கலந்து, சிறிது சிறிதாகத் தேய்ந்து மறைகின்றன. அதுவே எதிர்முழக்கம். ஒலியின் வலிமை பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை எத்தனை நொடி ஆகிறதோ, அதனை எதிர்முழக்க நேரம் என்பர். எமது பாடகர் குழு இளைஞர்கள் இதை 'ரிவர்ப்' என்கின்றனர். பங்கு மக்கள் எல்லாவற்றையும் சேர்த்து 'எக்கோ' என்றே சொல்லி விடுகின்றனர்.

நாம் பணி செய்யும் பகுதி திருப்பெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்டது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கிய பின்னும், 2010-ஐ ஒட்டி ஒரகடத்தில் ரெனோ–நிசான் முதலிய தொழிற்சாலைகள் எழுந்த பின்னும், ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த இவ்வட்டாரத்தின் முகமே மாறிப் போயிற்று. எமது ஆலயமும் மாறியது. முன்பு இங்கே நாட்டு ஓடு வேய்ந்த சிறு கோவில் ஒன்றே இருந்தது. மரச் சட்டங்களும், ஓட்டு இடுக்குகளும், எப்போதும் திறந்தே கிடந்த சன்னல்களும் ஒலியை உறிஞ்சியும் வெளியே விட்டும் கணக்கைச் சரி செய்து வந்தன. ஒலிபெருக்கி இன்றியே உபதேசியார் செபம் சொல்வதைக் கடைசி வரிசைக் கிழவி வரை கேட்டார்கள். மக்கள் பெருகவே, கோவில் கான்கிரீட் ஆயிற்று. தரையில் வழவழப்பான கிரானைட், சுவரில் பளபளப்பான ஓடு, சன்னலில் கண்ணாடி என அழகு கூடியது. வண்டலூர்–வாலாஜாபாத் நெடுஞ்சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–திருப்பெரும்புதூர் சாலையும் ஒரகடத்தில் வெட்டிக் கொள்கின்றன. கொள்கலன் ஏற்றிய பெருவண்டிகள் ஞாயிறன்றும் ஓய்வதில்லை. அவற்றின் இரைச்சலுக்கு அஞ்சிச் சன்னல்களையும் சாத்தினோம். கற்பெட்டிக்குள் நாமும் எமது குரலும் அடைபட்டோம்.

இந்தப் பெட்டிக்குள் பாடகர் குழுவினர் இன்னும் கொஞ்சம் எதிர்முழக்கத்தைக் கலந்து வந்தனர். அவர்கள் பயன்படுத்தும் ஒலிக்கலவைப் பெட்டியில் ஒரு திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் 'ரூம்', 'ஹால்', 'சர்ச்' என்று வேண்டிய இடத்தைத் தேர்ந்து கொள்ளலாம். ஆலயத்தின் உள்ளே நின்றுகொண்டு 'சர்ச்' என்ற எண்ணுக்குத் திருகை வைத்திருந்த தம்பியை நோக்கி, "ஒரு கோவிலுக்குள் எதற்கப்பா இன்னொரு கோவில்?" என்று கேட்டோம். அவர் சிரித்தார், ஆனால் திருகைத் தொடவில்லை. இசைத்தட்டுகளிலும், தொலைக்காட்சியிலும், கைப்பேசியிலும் பக்திப் பாடல் என்றாலே அப்படித்தான் ஒலிக்கிறது என்பது அவர் வாதம். அவர் சொன்ன இன்னொரு காரணத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட இயலவில்லை. "ஃபாதர், இரவுப் பணி முடித்து விட்டு நேரே இங்கு வருகிறோம். தொண்டை கட்டியிருக்கும். எக்கோ இல்லையென்றால் எங்கள் குரல் எங்களுக்கே பிடிக்கவில்லை" என்றார். தூங்காத கண்ணோடு வந்து இறைவனுக்குப் பாடுகிறவர் தம் குரலுக்கு ஒரு போர்வை கேட்கிறார். அதை மறுக்க யாருக்கு மனம் வரும்?

ஆயினும் போர்வைக்குள் எது மறைந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் மொழியின் எழுத்துகளை உயிர் என்றும் மெய் என்றும் முன்னோர் பிரித்தனர். உயிரெழுத்து நீட்டிப் பாடக்கூடியது, வலிமை மிக்கது. மெய்யெழுத்து நுண்ணியது, தட்டியும் உரசியும் கணத்தில் பிறந்து கணத்தில் மறைவது. கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமும் ஒரு மாத்திரை எனத் தொல்காப்பியர் வகுத்தார். குறிலுக்கு மாத்திரை ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரையே அரை. இரண்டு மூன்று நொடி நீளும் எதிர்முழக்கத்துக்கு இடையே இந்த அரை மாத்திரை என்ன ஆகும்? முந்திய உயிரின் வால் இன்னும் ஆலயத்தில் சுற்றிக் கொண்டிருக்கும்போதே அடுத்த மெய் பிறக்கிறது. பிறந்த இடத்திலேயே அமிழ்ந்து விடுகிறது. உயிர் நிற்கிறது, மெய் போய் விடுகிறது. அது மட்டுமா? குறிலும் நீண்டு நெடில்போல் ஒலிக்கிறது. ஆங்கிலமோ இத்தாலியமோ இதை ஓரளவு தாங்கிக் கொள்ளலாம். படம் வேறு, பாடம் வேறு, விடு வேறு, வீடு வேறு என்று மாத்திரையின் மேலேயே பொருளைக் கட்டி வைத்திருக்கும் தமிழ் எப்படித் தாங்கும்?

இதை எமக்கு உணர்த்தியவர் தமிழரே அல்லர். கைப்பேசி உறுப்புகள் பொருத்தும் தொழிற்சாலையில் வேலை செய்து, விடுதியில் தங்கியிருக்கும் சார்க்கண்டு மாநிலப் பெண் ஒருவர். அப்பகுதிப் பழங்குடிக் கத்தோலிக்கர் பலர் இப்போது எம் பங்கின் ஞாயிறு திருப்பலிக்கு வருகின்றனர். இவர் ஒரு சிறு குறிப்பேட்டில், காதில் விழும் தமிழ்ச் சொற்களை இந்தி எழுத்தில் எழுதி வைத்துக் கொண்டு, வாரம் ஒருமுறை உபதேசியாரிடம் பொருள் கேட்பார். ஒருநாள் அவர் கேட்ட கேள்வி: "எல்லாரும் ஆண்டவரிடம் ஏன் 'வாரம்' கேட்கிறார்கள்? எத்தனை வாரம் விடுமுறை வேண்டும்?" நாம் மன்றாடியது வரம். ஆலயத்தின் சுவர்கள் அதை வாரமாக நீட்டி அவர் கையில் கொடுத்திருந்தன. உபதேசியார் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எமக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை.

இரண்டாமவர் வயதில் மூத்தவர். தகட்டை அழுத்தி உருக்கொடுக்கும் 'பிரஸ் ஷாப்' என்னும் பிரிவில் பல ஆண்டு உழைத்தவர். "சாமி, நீங்கள் பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறீர்கள் என்பதுதான் விளங்கவில்லை" என்றார். செவி மருத்துவர்களுக்கு இது மிகப் பழகிய முறையீடு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்த எல்லை. பேரிரைச்சலால் வரும் செவிக்குறை, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் அறிவிக்கப்பட்ட தொழில் நோய்களில் ஒன்று. அக்குறை முதலில் தாக்குவது 4000 ஹெர்ட்சை ஒட்டிய உயர்ந்த அதிர்வுகளை. அங்கேதான் ச, ட, த, க போன்ற மெய்களின் கூர்மை இருக்கிறது. ஆகவே உயிர் கேட்கும், மெய் கேட்காது. எந்திரம் ஒரு பக்கம் மெய்யைப் பறிக்க, ஆலயமும் மறுபக்கம் பறித்தால், அம்மனிதருக்கு நற்செய்தியில் மிஞ்சுவது என்ன? அவர் ஞாயிறுதோறும் வருகிறார், முன் வரிசையில் அமர்கிறார், வாசகரின் உதட்டையே பார்க்கிறார்.

இந்தத் தொல்லை எமது பங்குக்கு மட்டும் உரியதன்று. 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேராசிரியர் பேச்சு எவருக்கும் புரியவில்லை. பேசி முடித்த பின்னும் ஐந்தரை நொடி ஒலி நின்றது. அதைச் சீர் செய்யும் பணி வாலஸ் சேபின் என்ற இருபத்தேழு வயது இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பகலில் தெரு இரைச்சல் இருந்ததால் அவர் இரவில் உழைத்தார். ஓர் ஆர்கன் குழலை ஊதச் செய்து, நிறுத்தி, ஒலி எப்போது மறைகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை உதவியாளரோடு இரவில் சுமந்து வந்து பரப்புவார்; மெத்தை கூடக் கூட முழக்கம் குறைவதைக் குறிப்பார்; விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிச் சுமந்து போய் வைப்பார். 1898-இல் கணக்கு அவருக்குப் பிடிபட்டது. இடத்தின் கொள்ளளவு கூடினால் முழக்கம் கூடும். உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கம் அக்கணக்கைக் கொண்டே கட்டப்பட்டது. இன்றும் உலகின் சிறந்த இசையரங்குகளுள் ஒன்றாக அதைச் சொல்கின்றனர்.

சேபினின் கணக்கில் எமக்கு மிகவும் பிடித்தது அவர் எடுத்துக் கொண்ட அளவை. பொருள்கள் ஒலியை உறிஞ்சும் அளவுக்கு அவர் வைத்த அலகு, திறந்த சன்னல். திறந்த சன்னல் வழியே போன ஒலி திரும்புவதில்லை. மற்றொன்று, அவர் மனிதர்களையும் அளந்தார். ஆடை உடுத்திய ஓர் ஆள் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம். இதைக் கொண்டு எமது ஆலயத்தைக் கணக்கிட்டுப் பார்த்தோம். நீளம் 24 மீட்டர், அகலம் 12, உயரம் 7. கொள்ளளவு 2000 கன மீட்டருக்குச் சற்று மேல். கல்லும் காரையும் நூற்றுக்கு மூன்று பங்கு ஒலியைத்தான் விழுங்கும். யாரும் இல்லாமல் சன்னல்களும் சாத்தியிருந்தால் முழக்கம் கணக்குப்படி பத்து நொடி வருகிறது. கதவு, சன்னல், பலகை, திரை ஆகியவற்றின் தயவால் உண்மையில் சற்றுக் குறையும். 25 சதுர மீட்டர் சன்னலும் கதவும் திறந்தால் ஐந்தரை நொடி. அதற்கு மேல் இருநூறு பேர் வந்து அமர்ந்தால் இரண்டு நொடியை ஒட்டி இறங்கி விடுகிறது. பேச்சுத் தெளிய ஒரு நொடி போதும் என்பர்; ஆனாலும் பத்து எங்கே, இரண்டு எங்கே!

பாடகர் குழுவினர் சனிக்கிழமை மாலை வெறும் ஆலயத்தில் பயிற்சி செய்கின்றனர். அப்போது ஆலயமே ஆறேழு நொடி அவர்களோடு சேர்ந்து பாடுகிறது. ஞாயிறு காலை மக்கள் வந்து அமர்ந்ததும் அந்தத் துணைக்குரல் போய் விடுகிறது. 'நேற்று இருந்த இனிமை இன்று இல்லையே' என்று திருகைக் கூட்டுகின்றனர். இனிமையை எடுத்துக் கொண்டவர்கள் வேறு யாருமல்லர், வந்திருக்கும் மக்களே.

இனிமை என்று சொன்னோம். அதை நாம் மறுப்பதாக எவரும் கருத வேண்டாம். எதிர்முழக்கம் இல்லாத இசை தண்ணீர் ஊற்றாத மண்போல் உதிரும். ஒரு சுரம் மறையுமுன் அடுத்ததன் தோளில் கை போட வேண்டும். பல குரல்கள் கலந்து ஒரு குரலாக வேண்டும். குருமடத்தில் இரவு செபத்தின் முடிவில், விளக்குகள் அணைந்த சிற்றாலயத்தில், அன்னையை வாழ்த்தி இலத்தீன் பண் ஒன்றை ஒரே குரலாகப் பாடுவோம். கடைசிச் சுரத்தை நாங்கள் விட்ட பின்னும் கற்கூரை அதைச் சிறிது நேரம் வைத்திருக்கும். அந்தப் பழம்பண்கள் அத்தகைய கற்கூரைகளுக்கு அடியிலேயே வளர்ந்தவை. அவை மெல்ல நடப்பதும், நீண்ட உயிரில் தங்கி நிற்பதும், சுரங்களில் பெரும் தாவல் இன்றிச் செல்வதும் அக்கூரைக்குப் பொருந்தவே என்று எண்ணத் தோன்றுகிறது. கி.பி. 537-இல் கட்டி முடிந்த கான்ஸ்டாண்டிநோபிள் ஹாகியா சோஃபியாவில் முழக்கம் பதினோரு நொடி நிற்கிறது. அது அருங்காட்சியகமாக இருந்த நாளில், அமெரிக்க ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளே பலூன்களை வெடித்து அந்த ஒலியைப் பதிந்து சென்றனர். அதிலிருந்து கணிப்பொறியின் வழியே அவ்வாலயத்தின் முழக்கத்தையே பிரித்தெடுத்து, கடல் கடந்த அரங்கில் பாடுவோர் குரலுக்குப் போர்த்தினர். பாடல் கலிபோர்னியாவில், சுவர்கள் கான்ஸ்டாண்டிநோபிளில்!

இடத்தைக் கடன் வாங்கும் கலைக்கு வயது அதிகமில்லை. 1930-களில் ஹம்மண்டு என்பவர் மின்சார ஆர்கனைச் செய்து விற்றார். குழல் ஆர்கன் வாங்க இயலாத சிறு கோவில்களும் வீடுகளும் அதை வாங்கின. ஆனால் கம்பளம் விரித்த கூடத்தில் அது உயிரற்று ஒலித்தது. எனவே சுருள்கம்பிகளின் வழியே ஒலியை ஓடவிட்டு முழக்கத்தை உண்டாக்கினார். 1947-இல் சிக்காகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவாளர், வாய் ஆர்மோனியக் குழு ஒன்றின் பாட்டைப் பதியும்போது குளியலறையில் ஓர் ஒலிபெருக்கியையும் மைக்கையும் வைத்துத் திரும்பி வரும் ஒலியைக் கலந்தார். அத்தட்டு பெரும் விற்பனை கண்டது. 1957-இல் செருமனியில் பெரிய எஃகுத் தகடு ஒன்றை அதிரச் செய்து அதே பயனைப் பெற்றனர். அதன் எடை கால் டன்னுக்கு மேல். இன்று எம் தம்பியின் பெட்டியில் அது கடுகளவுச் சில்லுக்குள் இருக்கிறது. தகட்டை அழுத்துகிற தொழிலாளி, தகட்டின் முழக்கத்தைப் போர்த்திப் பாடுகிறார் என்பது நமக்கு வியப்பாகவே இருக்கிறது.

இசையமைப்போர் இதை வெறும் இனிமைக்காகக் கலப்பதில்லை. முழக்கம் மிகுந்தால் பாடுபவர் தொலைவில் நிற்பதாகத் தோன்றும். குறைந்தால் நம் காதருகே வந்து விடுவார். கனவுக்கும் நினைவுக்கும் முழக்கம். தாலாட்டுக்கு அது ஆகாது. தொட்டிலின் மேல் குனிந்து பாடும் தாயின் குரலுக்கும் குழந்தையின் காதுக்கும் நடுவே சுவர் ஏது? நம் கருநாடக இசையிலும் நுண்ணிய கமகங்களும் மிருதங்கச் சொற்களும் அதிக முழக்கத்தில் குழம்பிப் போகும். சுரங்களுக்கு இடையே வேண்டிய நிறைவைத் தம்புராவே தந்து விடுகிறது. செருமனியின் லைப்சிக் நகரத் தூய தோமையார் ஆலயத்தில் சீர்திருத்தச் சபையார், மறையுரை விளங்க வேண்டும் என்பதற்காக மர மாடங்களும் திரைகளும் அமைத்தனர், முழக்கம் குறைந்தது. அங்குப் பணியாற்றிய பாக் விரைவும் சிக்கலும் மிகுந்த இசையை எழுத அதுவும் ஒரு காரணம் என்று ஹோப் பேகனல் என்ற ஆங்கிலக் கட்டட ஒலியியலார் விளக்கினார். சொல்லுக்காகச் செய்தது இசைக்கும் பயன்பட்டது. நம் திருச்சபையில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் திருவழிபாட்டைத் தாய்மொழிக்குத் திறந்து விட்டது. இலத்தீன் முழங்கினால் போதும். தமிழ் விளங்கவும் வேண்டும். மொழியை மாற்றினோம், கட்டடத்தை அதற்கேற்ப மாற்றினோமா என்பதைக் கோவில் கட்டும் பங்குகள் பொறியாளரிடம் முதல் நாளே கேட்பது நல்லது. கோபுரத்தின் உயரத்தைப் பற்றி ஆறு கூட்டம் போடுகிற நாம் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம்.

எமது ஊருக்கு அருகே, திருப்பெரும்புதூரில் 1017-இல் பிறந்தவராகச் சொல்லப்படும் இராமாநுசர், மறைவாகக் கற்ற திருமந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார் என்பது வைணவ மரபு. கருவறை மண்டபத்தின் முழக்கத்துக்குள் சொல்லாமல், சுவரே இல்லாத வெளியை அவர் தேர்ந்ததை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக் கொள்கிறோம்.

எம் பங்கில் செய்தவை எளியவை. வாசகரின் மைக்குக்கு முழக்கம் அறவே இல்லை என்று குழுவோடு பேசி முடிவு செய்தோம். பீடத்தருகே உயரத்தில் அலறிய இரு பெரிய ஒலிபெருக்கிகளை இறக்கி, பக்கச் சுவர்களில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே சிறியவை சிலவற்றை மக்களை நோக்கிச் சாய்த்து வைத்தோம். ஒலியைக் குறைத்தோம், தெளிவு கூடிற்று. பின் சுவரில் கனத்த துணித் திரையும், நடைபாதையில் தேங்காய் நார் விரிப்பும் வந்தன. சாலைப் பக்கச் சன்னல்களை விட்டு வயற்புறச் சன்னல்களைத் திறந்தோம். வாசகர்களுக்கு ஒன்றே சொன்னோம்: வாக்கியம் முடிந்ததும் சுவர் பேசி முடிக்கட்டும், பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள். பாடகர் குழுவின் போர்வையை முழுதும் பறிக்கவில்லை. நற்கருணைக்குப் பின் பாடும் பாட்டுக்குத் திருகு அவர்கள் கையில். பதிலுரைப் பாடலுக்கு இல்லை. முதல் இரண்டு வாரம் முகம் வாடியே பாடினர். மூன்றாம் வாரம் குரல் கட்டியிருந்த அத்தம்பி ஓரிடத்தில் பிசிறிற்று. பாட்டியர் இருவர் அவர் விட்ட இடத்தை எடுத்துப் பாட, மக்கள் எல்லாரும் சேர்ந்து கொண்டனர். பிரஸ் ஷாப் பெரியவருக்கு நாம் செவிக்கருவி ஏற்பாடு செய்ய முயல்கிறோம். அவர் இப்போதும் உதட்டைப் பார்க்கிறார், ஆனால் மறையுரை முடிந்து வெளியே வந்தால் எம்மோடு வாதாடத் தொடங்கி விட்டார்.

பாஸ்கா இரவில் நாம் ஒலிபெருக்கி போடுவதில்லை. வெளியே திறந்த வெளியில் தீ மூட்டிப் பாஸ்காத் திரியை ஏற்றுகிறோம். ஒளியைப் புகழும் அந்தச் சிறு பாடலை மும்முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்திப் பாட வேண்டும். ஆலய வாயிலில் முதல் முறை பாடும்போது உள்ளே ஒருவரும் இல்லை. இருண்ட கூடம் முழுவதும் அதை வாங்கி நெடுநேரம் சுமக்கிறது. நடுவில் நின்று இரண்டாம் முறை பாடும்போது பாதிப் பேர் உள்ளே வந்து விட்டனர், முழக்கம் சுருங்குகிறது. பீடத்தருகே மூன்றாம் முறை பாடித் திரும்பிப் பார்த்தால், கையில் மெழுகுதிரியோடு ஆலயம் நிறைய மக்கள். குரல் அவர்களிடம் சென்று சேர்கிறது. திரும்பி வருவது மிகக் குறைவு.